பொட்டலத்துக்கு வரும் பூஞ்சை நிறம்

வெந்த சோற்றில் பூசணம் பூத்தால் நாம் கொட்டிவிடுவோம். தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் அதை வேண்டுமென்றே பூக்க வைக்கிறார்கள். அரிசியை ஊற வைத்து, குழையாமல் வேக வைத்து, ஆறவிட்டு, முந்தைய சரக்கிலிருந்து எடுத்து வைத்த வித்தைத் தூவிக் கலந்து பரப்புவார்கள். அறையின் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். முதலில் பருக்கையின் மேல் வெள்ளை இழை படரும். அப்புறம் அது இளஞ்சிவப்பாகும். அவ்வப்போது கிளறிவிட்டு, காய்ந்து போகாமல் நீர் தெளித்து வந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பருக்கை உட்புறம் வரை கருஞ்சிவப்பாகிவிடும். உலர்த்தி மூட்டை கட்டினால் அதுதான் அங்காக் என்னும் செம்பூஞ்சை அரிசி. மது வடிக்க, டோஃபுவைச் சிவக்க வைக்க, இறைச்சிக்கு நிறமேற்ற என்று பல நூற்றாண்டுகளாக அது சீனச் சமையலறையில் இருக்கிறது.

1637-ல் சோங் யிங்ஷிங் எழுதிய ‘தியான்கோங் காய்வு’ என்ற தொழில்நுட்பத் தொகுப்பு இந்த அரிசியைத் தயாரிக்கும் முறையைச் சொல்கிறது. கூடவே ஒரு பயனையும் சொல்கிறது. மீனும் இறைச்சியும் சீக்கிரம் கெடுபவை. இதை அவற்றின் மேல் மெல்லியதாகப் பூசினால் கொளுத்தும் கோடையிலும் பத்து நாள் அளவுக்குக் கெடாது, ஈ அண்டாது, நிறமும் சுவையும் மாறாது என்கிறது. பத்து நாள் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதில் இருக்கும் யோசனை முக்கியமானது. நிறம் அங்கே அழகுக்காகப் பூசப்படவில்லை, உணவைக் காக்கப் பூசப்பட்டது. இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் மக்கும் உணவு உறைகளுக்குள் பூஞ்சை நிறமிகளைக் கலந்து பார்ப்பவர்கள் தேடுவதும் அதைத்தான்.

அந்த அரிசியைச் சிவக்க வைக்கும் பூஞ்சைக்கு 1895-ல் டச்சுத் தாவரவியலாளர் வென்ட் வைத்த பெயர் மொனாஸ்கஸ் பர்ப்பூரியஸ். ஜாவாவில் புழங்கிய அங்காக்கிலிருந்து அவர் அதைப் பிரித்தெடுத்தார். மஞ்சளில் இரண்டு, ஆரஞ்சில் இரண்டு, சிவப்பில் இரண்டு என்று அதன் முதன்மை நிறமிகள் ஆறு. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானவை ஆரஞ்சு நிறமிகள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

உறை மக்கும், சாயம் மக்குமா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2022 ஜூலையில் நாடு முழுவதற்கும் ஒரு தடைப் பட்டியல் வந்தது. அதன்பின் ‘மக்கும்’ என்று அச்சடித்த பைகளும் தட்டுகளும் கடைகளுக்கு வந்துவிட்டன. மக்கும் உறை என்று சான்று பெற ஒரு பொருள் தாண்ட வேண்டிய அளவுகோல் கடுமையானது: 58 டிகிரி வெப்பத்தில், 180 நாட்களுக்குள், அதிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். எஞ்சும் உரத்தில் கன உலோகங்கள் வரம்பைத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சாயம் வந்து மாட்டுகிறது. சோளமாவில் செய்த உறை மண்ணோடு மண்ணாகிவிடும். அதன் மேல் அச்சடித்த மையும், உள்ளே கலந்த செயற்கை நிறமும் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

நிறத்தில் நாம் எவ்வளவு ஏமாந்திருக்கிறோம் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடைசெய்தது. சோதித்த மாதிரிகளில் ரோடமின் பி இருந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் அது. திருவிழாக் கூட்டத்தில் குழந்தை கையில் வாங்கிக் கொடுத்தது அந்தச் சாயத்தைத்தான். 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எரித்ரோசின் என்ற சிவப்பு உணவுச்சாயத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. இந்தியா அனுமதித்துள்ள எட்டு செயற்கை உணவு நிறங்களின் பட்டியலில் அதுவும் உண்டு.

உணவுச்சாயத்தைப் பற்றியாவது பேசுகிறோம். உறையின் சாயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. சூடான வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ம் ஆண்டு பொட்டல விதிகள் தடுக்கின்றன. எண்ணெய் மையைக் கரைத்து உணவில் இறக்கிவிடும் என்பதே காரணம். விதி வந்த பிறகும் டீக்கடையில் பார்க்கும் காட்சி மாறவில்லை.

பலாக்கொட்டையும் குருணையும்

இயற்கை நிறம் என்றதும் மஞ்சள், பீட்ரூட், சங்குப்பூ என்று செடிகளுக்கே மனம் போகும். செடிக்கு நிலம் வேண்டும், மழை வேண்டும், பருவம் வர வேண்டும். ஒரு ஆண்டு விளைந்த நிறத்தின் அடர்த்தி அடுத்த ஆண்டு இருக்காது. பூஞ்சையைத் தொட்டியில் வளர்க்கலாம். தீனியும் வெப்பமும் ஒரே மாதிரி இருந்தால் நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கிடைக்கும். தொழிற்சாலைகள் இதை எப்போதோ கண்டுகொண்டுவிட்டன. ப்ளேக்ஸ்லியா ட்ரிஸ்போரா என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கும் பீட்டா கரோட்டினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் உணவு நிறமாக அனுமதி கொடுத்தது. மஞ்சள் நிற ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், ஆஷ்பியா கோசிப்பி என்ற பூஞ்சையிலிருந்தும் பெருமளவில் எடுக்கப்படுகிறது.

தீனி எது என்பதில் நம் பக்கத்து ஆய்வாளர்கள் செய்த வேலையைப் பெருமையாகவே சொல்லலாம். திருவனந்தபுரத்திலுள்ள மத்திய அரசு ஆய்வகத்தில், 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பலாக்கொட்டை மாவில் மொனாஸ்கஸை வளர்த்து நிறமி எடுத்துக் காட்டினார்கள். பலாப்பழ சீசனில் பண்ருட்டிச் சாலையோரத்தில் குவியும் கொட்டைகளை நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூரில் அன்று பயிர் பதனத் தொழில்நுட்பக் கழகமாக இருந்து, இன்று நிஃப்டெம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தில், எந்த நைட்ரஜன் ஊட்டம் கொடுத்தால் மொனாஸ்கஸ் கூடுதலாக நிறமி சுரக்கும் என்று ஆராய்ந்து 2009-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அரவை ஆலைகளில் குருணை மலிந்து கிடக்கும் டெல்டாவில் இந்த ஆய்வு நடந்தது பொருத்தம்தான். ஆனால் இரண்டு இடத்திலிருந்தும் வந்தவை ஆய்வுக்கட்டுரைகள். அந்த நிறத்தோடு ஒரு பொட்டலம் நம் ஊர்க் கடைக்கு இன்னும் வரவில்லை.

படலம் உருவாகும் விதம்

உறைக்கான மூலப்பொருளையும் பூஞ்சையே தருகிறது என்பது இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. இறால் ஓட்டில் இருப்பதும் அதே கைட்டின்தான். அதைக் காரத்தில் பக்குவப்படுத்தினால் கைட்டோசான் கிடைக்கும். சிட்ரிக் அமிலம் தயாரிக்கப் பயன்படும் அஸ்பெர்ஜில்லஸ் நைகர் பூஞ்சையிலிருந்து கைட்டோசான் எடுக்கிறார்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்களும் அதற்குப் பயப்பட வேண்டாம். இன்னொன்று புல்லுலான். ஆரியோபசிடியம் புல்லுலன்ஸ் என்ற பூஞ்சை சுரக்கும் சர்க்கரைத் தொடர் அது. ஜப்பானின் ஹயாஷிபாரா நிறுவனம் 1976 முதல் அதை வணிக அளவில் தயாரித்தது. நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும் வாய்மணத் துண்டுகள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணாடித் தாள் புல்லுலான். ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும். தண்ணீர் பட்டால் கரைந்துபோகும்.

ஆய்வகத்தில் படலம் செய்வது ஒரு சமையல் வேலை மாதிரியே நடக்கிறது. கைட்டோசான் தூளை ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில், அதாவது மிகவும் நீர்த்த வினிகரில், மணிக்கணக்கில் கலக்கிக் கரைக்கிறார்கள். கொழகொழவென்று வரும். அதில் கிளிசரின் கொஞ்சம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் காய்ந்த படலம் அப்பளம் போல் முறிந்துவிடும். பிறகு நிறமிக் கரைசலை ஊற்றிக் கலந்து, குமிழி அடங்கும் வரை விட்டு, தட்டையான தட்டில் ஊற்றி உலர்த்துகிறார்கள். மறுநாள் ஓரத்தை நகத்தால் நெம்பினால் முழுத் தாளாக உரிந்து வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபுறம் தெரியும், ஆனால் சிவந்து தெரியும்.

அந்தச் சிவப்பு செய்யும் முதல் வேலை வெளிச்சத்தை வடிகட்டுவது. பாலை வெயிலில் வைத்தால் சுவை கெடுவதற்கும், சிப்ஸில் சிக்கு வாடை அடிப்பதற்கும் வெளிச்சம் ஒரு காரணம். புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடுகின்றன. அதைத் தடுக்கத்தான் இன்றைய நொறுக்குத்தீனிப் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கோடு உலோகப் பூச்சையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். அடுக்கடுக்காக ஒட்டிய அந்தத் தாளைப் பிரிக்கவும் முடியாது, எளிதில் மறுசுழற்சி செய்யவும் முடியாது. நிறமி கலந்த மக்கும் படலம் இந்தத் தடுப்பில் ஒரு பங்கைச் செய்ய முடியும். இந்த நிறமிகள் பலவற்றுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் குணமும் உண்டு.

இரண்டாவது வேலைதான் என் கணக்கில் பெரியது. மீன் கெடும்போது அமோனியாவும் அமீன்களும் கிளம்புகின்றன. 100 கிராம் மீனில் இந்த ஆவியாகும் நைட்ரஜன் எவ்வளவு இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. மீன் வகையைப் பொறுத்து 25 முதல் 35 மில்லிகிராம். மொனாஸ்கஸின் ஆரஞ்சு நிறமிகளின் வளையத்தில் ஒரு ஆக்சிஜன் அணு இருக்கிறது. அமோனியா வந்து சேர்ந்தால் அந்த ஆக்சிஜன் விலகி, நைட்ரஜன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆரஞ்சு சிவப்பாகிவிடும். மீன் பெட்டியின் மூடிக்கு உள்புறம் அப்படி ஒரு படலத்தை ஒட்டினால், கெட்டுப்போவதை மூடியே காட்டும்.

கத்தரிக்காய்த் தோலிலும் சங்குப்பூவிலும் உள்ள ஆந்தோசயனின் நிறமிகளைக் கொண்டும் இத்தகைய அடையாளப் படலம் செய்கிறார்கள். எண்ணிக்கையில் அவைதான் அதிகம். ஆனால் அமில, கார நிலை திரும்பினால் ஆந்தோசயனின் நிறமும் திரும்பிவிடும். ஆரஞ்சு நிறமியில் நைட்ரஜன் புகுந்த பின் பழைய நிறம் திரும்பாது. கெட்ட மீனை மறுபடி ஐஸில் போட்டு மறைக்க நினைக்கும் வியாபாரிக்கு அது இடம் கொடுக்காது.

பூஞ்சை நிறத்தைக் கொண்டு வேதிநிலையை அறிவது நமக்குப் புதிதும் அல்ல. பள்ளி ஆய்வகத்தில் நாம் அமிலத்தில் தோய்த்துப் பார்த்த லிட்மஸ் தாளின் நிறம் ரொசெல்லா போன்ற லைக்கன்களிலிருந்து வந்தது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர்தான் லைக்கன். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன். ரொசெல்லா இனம் தமிழகக் கடற்கரையோர மரங்களிலும் வளர்கிறது. இலங்கையிலிருந்து 19-ம் நூற்றாண்டில் சாயத்துக்காகக் கப்பலேறிய சரக்கு அது. அந்த லைக்கனில் உள்ள நிறமற்ற பொருட்கள்கூட அமோனியாவும் காற்றும் பட்ட பிறகுதான் ஊதாவாகின்றன.

சிறுநீரகத்தைக் கேட்டுச் சொல்லும் நிறம்

இனி, இந்தத் துறையைப் பற்றி ஆர்வத்தோடு எழுதுபவர்கள் ஒரு வரியில் கடந்துவிடும் விஷயத்துக்கு வருகிறேன். மொனாஸ்கஸ் நிறமியை மட்டும் சுரப்பதில்லை. அதன் பல வகைகள் சிட்ரினின் என்ற நஞ்சையும் சுரக்கின்றன. அது சிறுநீரகத்தைத் தாக்கும். பென்சிலியம் பூஞ்சையில் 1931-லேயே கண்டறிந்த நஞ்சு அது. மொனாஸ்கஸிலும் அதே பொருள்தான் இருக்கிறது என்று 1995-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நிறுவினார்கள். நூற்றாண்டுகளாகச் சாப்பிட்டு வந்த ஒரு பொருளில் நஞ்சு இருப்பது தெரிய அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பாரம்பரியம் என்ற ஒரே சான்றை வைத்து எதையும் உணவருகே கொண்டுவரக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். சீனாவும் ஜப்பானும் மொனாஸ்கஸை உணவு நிறமாக அனுமதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் அனுமதிக்கவில்லை. செம்பூஞ்சை அரிசி மாத்திரைகளில் சிட்ரினினுக்கான உச்சவரம்பை ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 2,000 மைக்ரோகிராமிலிருந்து 2020-ல் 100 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

2024 மார்ச்சில் ஜப்பானில் நடந்தது இதைவிடப் பெரிய பாடம். ஒசாகாவின் கோபயாஷி பார்மசூட்டிகல் நிறுவனம் கொழுப்பைக் குறைக்கும் என்று விற்ற செம்பூஞ்சை அரிசி மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த நிறுவனம் பயன்படுத்திய மொனாஸ்கஸ் வகையில் சிட்ரினினைச் சுரக்கும் மரபணுக்களே இல்லை. அப்படியானால் நஞ்சு எங்கிருந்து வந்தது? ஆலைக்குள் ஒட்டிக்கொண்டிருந்த நீலப் பூசணம் ஒன்று வளர்ப்பில் கலந்து பியூபெருலிக் அமிலத்தைச் சுரந்திருந்தது. பூஞ்சை வகை சுத்தமாக இருந்தது. ஆலை சுத்தமாக இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எந்த நாடும் பூஞ்சை நிறத்தை உணவுக்குப் பக்கத்தில் அனுமதிக்கக் கூடாது.

வேறு பூஞ்சையைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தாலரோமைசிஸ் அட்ரோரோசியஸ் என்ற பூஞ்சையை எடுத்துக்கொண்டது. மொனாஸ்கஸ் வகைச் சிவப்பையே தரும்; சிட்ரினினைச் சுரப்பதில்லை. எந்த அமினோ அமிலத்தைத் தீனியாகக் கொடுக்கிறோமோ அது நிறமியில் இணைந்து குணத்தை மாற்றும். அங்கிருந்து கிளைத்த குரோமோலாஜிக்ஸ் நிறுவனம் அதை உணவுச் சிவப்பாக விற்பனைக்குக் கொண்டுவர உழைக்கிறது. ஆனால் அதே தாலரோமைசிஸ் பேரினத்தில் மார்னெஃபி என்று ஒன்று உண்டு. அதுவும் அழகான சிவப்பைச் சுரக்கும். எய்ட்ஸ் நோயாளிகளின் உயிரைக் குடிக்கும் தொற்றுக்கிருமி அது. நிறத்தைப் பார்த்துப் பூஞ்சையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

முழு உறையா, ஒரு துண்டா?

நஞ்சு இல்லை என்று உறுதியானாலும் சிக்கல் தீராது. மொனாஸ்கஸின் ஆரஞ்சு நிறமி தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வடையையோ வறுத்த மீனையோ அந்தப் படலத்தில் சுற்றினால் நிறம் எண்ணெய் வழியே உணவுக்குள் இறங்கும். நீரில் கரையும் சிவப்பைக் கலந்தால், ஈரத்தில் ஊதும் கைட்டோசானிலிருந்து அது கசியும். உறையிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள் மொத்தமாகக் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் விதி. வெளிச்சம் பட்டால் மொனாஸ்கஸ் நிறம் வெளிறும் குணமும் கொண்டது. வெளிச்சத்தைத் தடுக்க வைத்த நிறம் வெளிச்சத்திலேயே தேய்கிறது என்றால், கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும் பொட்டலத்துக்கு அது ஆகாது.

அதனால் என் முடிவு இது: பூஞ்சை நிறத்தை முழு உறையாக்கும் ஆசையை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். மூடியின் உட்புறத்தில், உணவைத் தொடாமல் ஒட்டும் விரலகலத் துண்டில் அது தன் வேலையைச் செய்யட்டும். நிறமி மிகக் குறைவாகவே தேவைப்படும். உணவில் கலக்கும் அபாயமும் குறையும். மீன் பெட்டி இரண்டு மூன்று நாளில் திறக்கப்பட்டுவிடுவதால் வெளிறும் பிரச்சினையும் பெரிதாக எழாது.

அந்தத் துண்டுக்கும் எல்லை உண்டு. கடல் மீனின் கவிச்சு வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமீன் இந்த நிற மாற்ற வினையைச் செய்யாது. அமோனியாவை நம்பியே துண்டு பேசும். அதைவிடக் கவலை தருவது ஃபார்மலின். 2018-ல் கேரளத்தில் ‘சாகர் ராணி’ சோதனைகளில் ஃபார்மலின் தெளித்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது நினைவிருக்கும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், கிளம்பும் அமோனியாவையும் பிடித்துக்கொள்ளும். துண்டு ஆரஞ்சாகவே இருக்கும், மீன் நஞ்சாக இருக்கும். ஆகவே இந்தத் துண்டு வந்தாலும் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் சோதனைக்கு மாற்றாகாது. அதைச் சொல்லாமல் விற்பது மக்களை ஏமாற்றுவதாகும்.

நம் பக்கத்தில் எல்லாத் துண்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. நிறமி எடுக்கும் அனுபவம் தஞ்சாவூரிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் உறைகளைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மீனும் தெரியும், கைட்டோசானும் தெரியும். பண்ருட்டிக்கும் டெல்டாவுக்கும் தீனிக்குக் குறைவில்லை. காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் தினமும் ஐஸ் பெட்டிகள் ஏறுகின்றன. தமிழக மீன்வளத்துறை இந்த நிறுவனங்களை ஒரே திட்டத்தில் இணைக்க வேண்டும். சிட்ரினின் சோதனையையும், ஆலைத் தூய்மைக்கான விதியையும் முதல் நாளிலேயே எழுதி வைத்துவிட்டு, ஒரே ஒரு துறைமுகத்தில், ஒரே ஒரு மீன் வகையில் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘மக்கும்’ என்று அச்சடித்த பையோ தட்டோ வாங்கும்போது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். மக்கும் பிளாஸ்டிக் தயாரிப்பவர்கள் அந்தச் சான்றைப் பெற்றுத்தான் விற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம்.